பூட்டிய பீரோவும் பத்துக் காசும்

எங்கள் சேரிப் பள்ளிக்கு நூலகம் வந்தது. நகரத்து அறக்கட்டளை ஒன்று பணம் கொடுத்தது. ஓர் இரும்பு பீரோ, அது நிறையப் புத்தகம். பீரோவின் நெற்றியில் கொடுத்தவர் பெயர். பிள்ளைகளைக் கைகூப்பி நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்துப் போனேன். பூட்டு தொங்கியது. "குடுத்தா கிழிச்சுப்புடுவாங்க, யாரு பதில் சொல்றது?" என்றார் தலைமையாசிரியர். வற்புறுத்தித் திறந்தால், பாதி காலாவதியான தேர்வு வழிகாட்டிகள், மீதி நீதிக்கதைகள். அந்தக் கதைகளில் பணக்காரர் கொடுக்கிறார், ஏழை கும்பிடுகிறார். திறப்புவிழாப் போட்டோவும் இதே கதைதான். பாமாவின் 'கருக்கு' 1992-இலேயே வந்துவிட்டது, பீரோவில் இல்லை. அம்பேத்கரும் இல்லை. "நம்ம தெரு மாதிரி கதை இருக்காண்ணே?" என்று ஒரு சிறுமி கேட்டாள். என்ன சொல்ல?

வாசிப்பு நமக்கு எவரும் போட்ட பிச்சையல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல், விலையையே பெயராக வைத்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். காசு கொடுத்து வாங்கிப் படித்த பரம்பரை இது.

இன்றும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ரூபாய்க்குப் பத்துக் காசு. அந்தக் காசுக்கு எங்கள் தெருவில் என்ன இருக்கிறது?

தருகிறவர்கள் தரட்டும். பட்டியலைப் பிள்ளைகள் போடவேண்டும்; சாவி அவர்களிடம் இருக்கவேண்டும். கிழிந்தால் கிழியட்டும், படிக்கிற புத்தகம் கிழியத்தான் செய்யும். பத்துக் காசுக் கணக்கை வருகிற கிராமசபையில் கேட்கப் போகிறோம்.