கிளைன் வரைந்த எருதுகள்

விலங்குகளை வரைந்தவரை விலங்கோவியர் என வகுத்து ஒதுக்கிவிடுதல் கலை வரலாறு எழுதுவோரிடம் நெடுநாளாக உள்ள வழக்கம். அவ்வாறு ஒதுக்கப்பட்டோருள் ஒருவர் யொகான் அடாம் கிளைன் என்பார். ஜேர்மனியின் நூரன்பேர்க் நகரில் 1792இற் பிறந்து மியூனிக்கில் 1875இல் மறைந்த இவர், 350இற்கு மேற்பட்ட செப்புத்தகட்டுச் சித்திரங்களை ஆக்கினார். குதிரையும் எருதும் ஆடும் பாரவண்டியும் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன. கண்டதைக் கண்டவாறே பிரதி செய்தவர் என இவரைக் குறைத்து மதிப்பிடுதல் எளிது. அம்மதிப்பீடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இச்சித்திரம் உருவாகும் முறையை முதற்கண் அறிதல் வேண்டும். மெழுகு பூசிய செப்புத்தகட்டில் ஊசியாற் கீறுவர். கீறிய இடத்திற் செம்பு வெளிப்படும். தகட்டை அமிலத்தில் அமிழ்த்த, அக்கீறல்கள் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். மென்மையாக இருக்கவேண்டிய கோடுகளை இடையில் மெருகெண்ணெய் பூசி மூடி, மீண்டும் அமிழ்த்தினால் எஞ்சியவை ஆழ்ந்து கருமையுறும். பின்னரே மையிட்டுத் துடைத்துத் தாளில் அழுத்துவர். உருவமும் இடம்வலமாக மாறிப் பதியும். ஆகவே, எருதின் விலாவில் ஒளி எங்கே விழும், அலைதாடியின் கீழ் இருள் எவ்வளவு செறியும் என்பவற்றைத் தாளிற் காணுமுன்னரே ஓவியர் துணிதல் வேண்டும். வெறும் பிரதி செய்வோனுக்கு இது கைவருமா? எலும்பு தோலை உந்தும் இடமும் தசை தளர்ந்து தொங்கும் இடமும் கிளைனிடத்துக் கோட்டின் போக்கினாலேயே வேறுபடுகின்றன. இத்தனைக்கும், எளிதும் மலிவுமான கல்லச்சு முறையைச் செனபெல்டர் அதே ஜேர்மனியில் முந்திய நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டுபிடித்திருந்தார். கிளைன் பெரிதும் நாடியது செம்பையே.

1819 முதல் 1821 வரை அவர் உரோமாபுரியில் வாழ்ந்தார். அக்காலத்தில் ஓவர்பெக் முதலிய ஜேர்மானிய ஓவியர் அந்நகரிற் சமயக் கதைகளையும் காவியக் காட்சிகளையும் சுவரோவியங்களாகத் தீட்டிப் புகழ் எய்தினர். கிளைனோ வண்டியெருதுகளையும் வண்டிக்காரரையும் வரைந்துகொண்டிருந்தார். உயர்ந்த பொருளே உயர்ந்த கலையைத் தரும் என்போர் இவ்விரு சாராரின் ஆக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பாராக. அச்சுவரோவியங்கள் பல எனக்குப் பாடம் ஒப்புவிப்பனவாகவே தோன்றுகின்றன.

ஒல்லாந்த ஓவியர் பவுலுஸ் பொற்றர் 1647இல் தீட்டிய காளையின் பெருமிதம் கிளைனிடம் இல்லை என்பது மெய்யே. பொற்றரின் காளை தன்னைப் பார்ப்போரைத் தானும் பார்க்கின்றது. நுகம் பூண்ட கிளைனின் எருதோ நம்மைப் பொருட்படுத்துவதில்லை. அது உழைத்த விலங்கு. அவருடைய ஆட்டுச் சித்திரங்களில் இவ்வாழத்தை நான் காணவில்லை; அங்கே மயிரின் நயத்திற் கை மயங்கிவிட்டது.