தையல் மெஷினுக்கு மேலே ஒரு பெயர்

போன வருஷம் என் சின்னம்மாவுக்குத் தையல் மெஷின் கேட்டு மனு எழுதிக் கொடுத்தேன். சித்தப்பா காசிமேட்டில் மீன் இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவர் போன பிறகு சின்னம்மா திருவொற்றியூரில் ஜாக்கெட் தைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். மெஷின் மட்டும் வாடகை. ஆதரவற்ற விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் ஏழைப் பெண்களுக்கும் அரசு இலவசமாகத் தையல் இயந்திரம் கொடுக்கிறது, நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். படிவத்தின் தலைப்பை விரலால் தடவி எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம்.'

"யாரு கண்ணு இந்தம்மா? தையல் டீச்சரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். திராவிட இயக்கமும் தமிழும் என்று ஒரு தாளே எங்களுக்கு இருந்தது. மேடைப் பேச்சு, நாடகம், சினிமா வசனம், ஏடுகள் என்று பக்கம் பக்கமாகப் படித்து எழுதித் தேறினேன். அதில் இந்தப் பெயர் ஒரு வரியில்கூட வரவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிற சின்னம்மா கேட்ட கேள்வியை முதுகலை படித்த நான் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

கழக வரலாறு என்று அச்சாகியிருப்பவற்றை அதற்குப் பிறகுதான் மறுபடியும் எடுத்துப் புரட்டினேன். அவற்றில் சத்தியவாணி முத்து எங்கே வருகிறார், எங்கே காணாமல் போகிறார் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை. தனிநபர் துதி எனக்கு வராது. ஆனால் மாநில அரசியலிலிருந்து மத்திய மந்திரி வரைக்கும் போன ஒரு தலித் பெண்ணின் பாதை இவ்வளவு சுலபமாக எப்படி ஒரு மெஷினுக்குள் அடங்கியது என்பதைக் கேட்டாக வேண்டும்.

அவர் பிறந்தது 1923இல். தி.மு.க. 1949இல் தொடங்கிய நாளிலிருந்து அதில் இருந்தவர். ஆனால் கட்சியின் பிறப்பைச் சொல்பவர்கள் ஐம்பெருந் தலைவர்கள் என்று ஐந்து ஆண்களின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். 1953இல் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துப் போராடிக் கைதானவர் அவர். அதே ஆண்டு அதே மும்முனைப் போராட்டத்தில் கல்லக்குடி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தது காவியமாகிவிட்டது. அப்பன் தொழிலைப் பிள்ளை செய்யட்டும் என்ற திட்டம் யார் வயிற்றில் முதலில் அடிக்கும்? செருப்புத் தைப்பவர், பறையடிப்பவர், மலம் அள்ளுபவர் வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றில். அதை எதிர்த்துச் சிறைக்குப் போன தலித் பெண்ணுக்குக் காவியத்தில் ஒரு அடி கிடையாது. ஊர்ப் பெயரை மாற்றும் போராட்டத்துக்கு இருக்கிற நினைவு, தொழிலை மாற்றும் போராட்டத்துக்கு இல்லை. இது தற்செயல் என்று நம்ப எனக்கு முடியவில்லை.

1957இல் தி.மு.க. முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்று பதினைந்து இடம் வென்றது. அதில் பெரம்பூர் அவருடையது. கட்சிக்கு அங்கீகாரம் இல்லாததால் கணக்கில் சுயேச்சை. 1959 முதல் 1968 வரை கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளர். 'அன்னை' என்று பத்திரிகையும் நடத்தினார். 1962இல் தோற்று 1967இல் திரும்பவும் பெரம்பூரில் வென்றார். அண்ணாவின் ஒன்பது பேர் கொண்ட முதல் அமைச்சரவையில் ஒரே பெண் அவர்தான். கொடுத்த துறை எது? அரிசன நலம், செய்தி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அரிசன நலத்துறை அமைச்சரின் கையில் என்ன இருக்கும்? விடுதி இருக்கும், உதவித்தொகை இருக்கும், வீட்டுமனைப் பட்டாவுக்குச் சிபாரிசு இருக்கும். போலீஸ் இருக்காது. வருவாய் இருக்காது. நிலம் இருக்காது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியபோது தமிழ்நாட்டில் அரிசன நலத்துறைக்கு ஒரு தலித் அமைச்சர் இருந்தார். முதலமைச்சர் அண்ணா பார்த்துவர அனுப்பியவர்களாக வரலாறு எழுதி வைத்திருப்பது பொதுப்பணித்துறை அமைச்சர் மு. கருணாநிதியையும் சட்ட அமைச்சர் செ. மாதவனையும். நெல் கூலி உயர்வுக்காக எரிந்தவர்களை 'நலம்' என்ற சொல்லுக்குள் எப்படிக் கொண்டுவர முடியும்? எரித்தவன் மீது கை வைக்கிற அதிகாரம் எந்தத் துறையில் இருந்ததோ அந்தத் துறை அவருக்குத் தரப்படவில்லை. நான் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த நாற்காலியைச் சொல்கிறேன். கக்கனுக்குக் காங்கிரஸ் உள்துறையைக் கொடுத்தது. 1965இல் மாணவர்கள் மீது துப்பாக்கி பாய்ந்த பழியும் அவர் தலையில் விழுந்தது. அதிகாரம் இல்லாத துறை கொடுத்தால் பயனற்றவர், அதிகாரம் உள்ள துறை கொடுத்தால் கொடுங்கோலர். நம் ஆளுக்கு இரண்டு பட்டம்தான் காத்திருக்கிறது.

1974இல் அவர் தி.மு.க.வை விட்டு வெளியே வந்தார். அண்ணாவுக்குப் பிறகு கழகத்தில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மரியாதை இல்லை என்று வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டி, அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்து, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று கட்சி தொடங்கினார். கட்சி வரலாற்றாசிரியர்கள் இதை ஒரு வரியில் 'பிரிந்து சென்றார்' என்று எழுதுவார்கள். எம்.ஜி.ஆர். 1972இல் வெளியேறியதற்குத் தனி அத்தியாயமே உண்டு. கணக்குக் கேட்டு வெளியேறினால் வரலாறு. மரியாதை கேட்டு வெளியேறினால் கோபித்துக்கொண்டு போன வீட்டுப் பெண் கதை.

ஆனால் அவர் வைத்த பெயரையும் பாருங்கள். வெளியே வந்த பிறகும் 'முன்னேற்றக் கழகம்' கூடவே வந்திருக்கிறது. திராவிடம் இருந்த இடத்தில் தாழ்த்தப்பட்டோர் என்று மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். அம்பேத்கர் பட்டியல் சாதியினர் சம்மேளனம் நடத்தியிருக்கிறார். அதற்குத் தலைமை தாங்கிய என். சிவராஜ் இதே சென்னையின் மேயராக இருந்தவர். மீனாம்பாள் சிவராஜ் பேசாத வடசென்னை மேடை இல்லை. அந்த மரபு பெரம்பூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டுப் பழைய வீட்டின் மாதிரியிலேயே சின்னதாய் ஒரு வீடு கட்டியது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. சின்ன வீடு நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் அதை அ.தி.மு.க.வில் இணைத்துவிட்டார்.

1978 ஏப்ரலில் மாநிலங்களவை உறுப்பினர். ஜூலையில் விழுப்புரத்தில் சாதி இந்துக்கள் 12 தலித்துகளைக் கொன்றார்கள். ஆட்சி எம்.ஜி.ஆருடையது. மரியாதை இல்லை என்று ஒரு கழகத்தை விட்டு வந்தவர், உயிருக்கே பாதுகாப்பில்லாத இன்னொரு கழகத்தின் ஆட்சியில் உட்கார வேண்டியிருந்தது. மேலும் ஒன்று. பெரம்பூரில் ஜெயிக்க ஒடுங்கிய சந்துகளில் நடந்து ஓட்டுக் கேட்க வேண்டும். மாநிலங்களவைக்கு ஒருவர் மனசு வைத்தால் போதும். மக்கள் கொடுத்த பதவியை எறிந்துவிட்டு வரலாம், மக்களிடமே திரும்பிப் போகலாம். தலைவர் கொடுத்த பதவியை எறிந்தால் போக இடம் ஏது?

இனி டெல்லி. 1979 ஜூலையில் மொரார்ஜி அரசு கவிழ்ந்தது. சரண்சிங் பிரதமரானார். அவருடைய அமைச்சரவையில் ஆகஸ்ட் 19ஆம் தேதி அ.தி.மு.க.வைச் சேர்ந்த இருவர் சேர்ந்தார்கள்: ஒருவர் சத்தியவாணி முத்து, இன்னொருவர் புதுச்சேரி பாலா பழனூர். திராவிடக் கட்சிகளிலிருந்து மத்திய அமைச்சரவைக்குப் போன முதல் இரண்டு பேர் இவர்கள். முரசொலி மாறனுக்கு முன்னால், டி.ஆர். பாலுவுக்கு முன்னால், எல்லாருக்கும் முன்னால் பெரம்பூர்க்காரி. அவருக்குத் தந்தது சமூக நலத்துறை. கோட்டையில் அரிசன நலம், டெல்லியில் சமூக நலம். இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டியும் நலம் விடவில்லை.

மறுநாள் ஆகஸ்ட் 20, நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே சரண்சிங் ராஜினாமா செய்தார். இதைக் கூத்து என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் அடுத்த இரண்டு நாளைப் பார்க்கச் சொல்கிறேன். ஜனதாவின் நாடாளுமன்றக் கட்சிக்கு அப்போது தலைவர் ஜெகஜீவன் ராம். அரசமைக்க என்னைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் இந்த நாட்டுக்கு ஒரு தலித் பிரதமர் வந்திருப்பார், குறைந்தபட்சம் பெரும்பான்மையை நிரூபிக்க ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும். குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி கூப்பிடவில்லை. ஆகஸ்ட் 22இல் மக்களவையைக் கலைத்தார். சரண்சிங் அரசே காபந்து அரசாகத் தொடர்ந்தது. அந்த அரசில் நம் அம்மையார் அமைச்சர்.

ஜெகஜீவன் ராமை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. நெருக்கடி நிலைக்கு மக்களவையில் ஒப்புதல் தீர்மானம் கொண்டுவந்தவர் அவர். ஆனால் ஒரு தலித்துக்கு அடைக்கப்பட்ட கதவின் இந்தப் பக்கத்தில் இன்னொரு தலித்தை உட்கார வைத்திருந்தார்கள் என்பதை மறைக்க முடியாது. கதவை அடைத்தது அவர் இல்லை. அவருடைய கட்சித் தலைமை சென்னையில் கணக்குப் போட்டது, அவர் பெயர் டெல்லியில் பட்டியலில் ஏறியது.

இப்படி நடப்பது முதல் தடவையும் அல்ல. 1921இல் பெரம்பூர் பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடர்களின் குடிசைகள் புளியந்தோப்பில் கொளுத்தப்பட்டன. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் கொடுத்த யோசனை, ஆதிதிராவிடர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது. பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. அதன் வாசலில் நின்று பஸ் ஏறும் எங்கள் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. எம்.சி. ராஜா நீதிக்கட்சியை விட்டு வெளியே வந்தார். பிறகு வெள்ளையரின் நியமனத்தில் மத்தியச் சட்டசபைக்குப் போனார். 1932இல் தனித்தொகுதி வாக்குரிமைக்காக அம்பேத்கர் மன்றாடிக்கொண்டிருந்தபோது, கூட்டுத் தொகுதிக்கு ஒப்புக்கொண்டு மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டவர் இதே ராஜாதான். பிற்பாடு வருந்தினார் என்பார்கள். வடசென்னையில் அடிபட்டு, சொந்த வீடு என்று நம்பிய கட்சியை விட்டு வெளியேறி, யாரோ கொடுத்த சீட்டில் டெல்லிக்குப் போய், அங்கே இன்னொரு தலித்துக்கு எதிர்வரிசையில் நிற்பது. ஐம்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு பேர் ஒரே தடத்தில் நடந்திருக்கிறார்கள்.

டெல்லி எதற்கு, இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் தோழர்கள் உண்டு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். துறைமுகம் டெல்லியுடையது. எண்ணூர்க் காமராசர் துறைமுகம் டெல்லியுடையது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை டெல்லியுடையது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து, வலையும் படகும் கறுத்து, அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்து நடு இரவில் பெரியகுப்பம் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அப்போது கேள்வி கேட்க வேண்டிய இடங்களில் பாதி டெல்லியில் இருந்தது. எனவே போகத்தான் வேண்டும். யார் கொடுத்த சீட்டில் போகிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 1998இல் தலித் எழில்மலை பா.ம.க. சார்பில் சுகாதாரத் துறையில் இணையமைச்சராகப் போனதையும் மறுவருஷமே அது முடிந்ததையும் பார்த்தவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள்.

சத்தியவாணி முத்து 1999 நவம்பரில் இறந்தார். தன் போராட்டங்களைப் பற்றி அவரே எழுதி வைத்திருக்கிறார். அதை எங்கள் பாடத்தில் யாரும் வைக்கவில்லை. தீவுத்திடல் பக்கம் கூவம் கரையில் அவர் பெயரில் ஒரு நகர் இருந்தது, சத்தியவாணி முத்து நகர். குடிசைகள்தான். பாரிமுனையிலும் சென்ட்ரலிலும் மூட்டை தூக்குகிற, வீட்டு வேலை செய்கிற சனங்கள். 2019இலும் 2020இலும் ஆற்றை அழகுபடுத்த வேண்டும் என்று அவர்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கூடம் நடுவில் அறுந்தது, வேலை அறுந்தது. நகரத்துக்கு வெளியே வைக்க வேண்டும் என்ற 1921இன் யோசனை, நூறு வருஷம் கழித்து, அவர் பெயர் எழுதிய பலகையின் கீழேயே நிறைவேறியது.

மெஷினைக் குறைத்துப் பேசக் கூடாது என்று சின்னம்மா சொல்கிறாள். சரிதான், அது அவளுக்குச் சோறு. ஆனால் குலத்தொழிலைப் பிள்ளைக்குத் திணிக்காதே என்று சிறைக்குப் போனவரின் நினைவுக்கு, பெண் என்றால் தையல் என்று முடிவுகட்டிய அந்த மனசு யாருடையது என்று எனக்குக் கேட்கத் தோன்றிக்கொண்டேயிருக்கிறது.

இதையெல்லாம் அன்றைக்கு அவளுக்கு முடிந்தவரை சொன்னேன். பெரம்பூர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நம்ம ஆளா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டெல்லில எத்தினி நாளு மந்திரியா இருந்தாங்க?"

"அஞ்சு மாசம்கூட இல்ல சின்னம்மா."

"அதுக்குள்ள வூடு பாத்து சாமான் எறக்கவே சரியா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டச் சொன்னாள்.