அம்மன் யாருக்கு வருகிறாள்?

ஆடி பிறந்தால் தொலைக்காட்சியில் 'அம்மன்' படம் வந்துவிடும். கூடவே அதை இயக்கிய கோடி ராமகிருஷ்ணாவுக்குப் புகழுரையும் வரும். 2019 பிப்ரவரி 22 அன்று ஹைதராபாத்தில் அவர் காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகளிலிருந்து இன்றுவரை இரண்டு பாராட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. தென்னிந்தியத் திரையில் கிராஃபிக்ஸுக்கு வழி திறந்தவர் என்பது ஒன்று. நாயகர்கள் கோலோச்சிய காலத்தில் பெண்களுக்காகப் படம் எடுத்தவர் என்பது மற்றொன்று. முதலாவதோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டாவதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் தேரோட்டம் பார்த்து வளர்ந்த எவருக்கும் அது உறுத்தத்தான் வேண்டும்.

அவருடைய திறமையில் ஐயம் இல்லை. தாசரி நாராயண ராவிடம் தொழில் கற்று, நூறு படங்களுக்கு மேல் இயக்கியவர். 'இதுதாண்டா போலீஸ்' அவர் தெலுங்கில் எடுத்த 'அங்குசம்'தான் என்று தெரியாமலேயே அதைக் கொண்டாடியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பாரதிராஜாவின் 'மண்வாசனை'யைத் தெலுங்குக்குக் கொண்டுபோய் வெற்றி கண்டவரும் அவரே. மாயக்காட்சி என்றால் விட்டலாச்சார்யாவின் கேமரா தந்திரம் என்றிருந்த ரசிகனுக்கு, 1995இல் 'அம்மன்' படத்தின் தெலுங்கு மூலமான 'அம்மோரு' வேறொன்றைக் காட்டியது. அம்மனை ஒரு வேலைக்காரச் சிறுமியாக வீட்டுக்குள் கொண்டுவந்தது அழகான கற்பனை. சௌந்தர்யாவின் கண்ணீரும் ரம்யா கிருஷ்ணனின் உக்கிரமும் இல்லாவிட்டால் அத்தனை கணினி வேலையும் வீணாகியிருக்கும். அதை இயக்குநர் அறிந்திருந்தார்.

ஆனால் அந்தப் படத்தின் அச்சம் எங்கே தொடங்குகிறது, எங்கே கொண்டுபோய் விடப்படுகிறது என்று பாருங்கள். பவானி அநாதை. மந்திரவாதி கோரக் சிறைக்குப் போவதற்குக் காரணமே அவள்தான். ஊரே அஞ்சுகிற ஒருவனைக் காட்டிக்கொடுத்த பெண் அவள். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகிறது. கணவன் வெளிநாடு போகிறான். புகுந்த வீட்டில் அவளைக் கொல்லத் திட்டம் போடுகிறார்கள். இந்த இடம்வரை படம் பொய் சொல்லவில்லை. ஸ்டவ் வெடித்து மருமகள்கள் மட்டும் செத்துக்கொண்டிருந்த காலம் அது. வரதட்சணைச் சாவுக்கென்றே 1986இல் தண்டனைச் சட்டத்தில் 304-பி பிரிவைச் சேர்க்க வேண்டியிருந்த நாடு இது. அந்தச் சமையலறையைவிடப் பயங்கரமான இடம் எந்தப் பேய்ப்படத்திலும் இல்லை.

அங்கேயே நின்றிருந்தால் கோடி ராமகிருஷ்ணா ஒரு பெரிய திகில் கலைஞர். அவர் நிற்கவில்லை. கொலைகாரக் குடும்பத்தைக் கோரக்கின் குடும்பமாக ஆக்கியதன் மூலம், எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய கொடுமை மந்திரவாதி வீட்டில் மட்டும் நடப்பதாக மாறுகிறது. படம் பார்க்கும் மாமியாருக்கும் கணவனுக்கும் உறுத்த எதுவும் மிச்சமில்லை. அவர்களும் சேர்ந்து கைதட்டலாம். மனைவியை அந்த வீட்டில் விட்டுவிட்டுப் போன கணவன் மீது படம் ஒரு கேள்வியும் வைப்பதில்லை. அவனைக் காப்பாற்றித் தரச் சொல்லி மன்றாடுவதுதான் பவானிக்கு விதிக்கப்பட்ட வேலை.

உதவி பெறவும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. அடி வாங்கினாலும் எதிர்த்துப் பேசாதவள், குங்குமத்தைக் கண்ணாகக் காப்பவள், பூசை தவறாதவள் என்றால்தான் அம்மன் வருகிறாள். எதிர்த்துப் பேசுகிறவளுக்கு, தாலியைக் கழற்றி வைத்துவிட்டுத் தாய்வீடு திரும்புகிறவளுக்கு, சாமி கும்பிடாதவளுக்கு யார் வருவார்? இந்தக் கேள்வியை அந்தப் படத்துக்குப் பின்னால் தமிழில் வரிசையாக வந்த 'பாளையத்தம்மன்', 'ராஜகாளி அம்மன்', 'கோட்டை மாரியம்மன்' எதுவும் கேட்கவில்லை. இராம நாராயணன் இந்த வாய்ப்பாட்டைப் பாம்பும் குழந்தையும் சேர்த்து இன்னும் மலிவாக்கினார். பெண்களுக்கான படம் என்று 'அம்மன்' வகையைச் சொல்வது, பெண்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள் என்பதை வைத்து மட்டுமே. திரையரங்கில் சாமி வந்து ஆடிய பெண்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். வெளியே எங்கும் சொல்ல முடியாததை அங்கேதான் அவர்களால் சொல்ல முடிந்தது. அந்த ஆவேசத்தை வாங்கிக்கொண்டு, பொறுமையாயிரு என்ற பழைய புத்திமதியையே திருப்பிக் கொடுத்தார்களே என்பதுதான் என் கோபம்.

வீராம்பட்டினத்து அம்மனின் கதை இப்படியா இருக்கிறது? மீனவர் வலையில் ஒரு மரக்கட்டை சிக்குகிறது. விறகாக்கலாம் என்று அதைக் கோடரியால் பிளக்கப் போக, கட்டையிலிருந்து ரத்தம் பீறிடுகிறது. வெட்டுப்பட்டவளாகத்தான் அந்தத் தெய்வம் ஊருக்குள் வருகிறாள். தலவரலாறு அவளை ரேணுகையோடு சேர்த்துச் சொல்கிறது. ஒரு கணம் மனம் சலித்ததற்காக, கணவன் ஆணையிட, பெற்ற மகன் கையால் தலை அறுபட்டவள் ரேணுகை. பத்தினித்தனத்தின் பேரால் கொல்லப்பட்டவளையே பத்தினித்தனத்துக்குக் காவல் நிற்க வைத்த சினிமா இது. நம் மரபில் ரேணுகையின் கதையைவிடக் கொடூரமான திகில் கதை எனக்குத் தெரியாது. அதைத் தொடுகிற துணிவு இந்த இயக்குநர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

இந்த ஊர் அம்மனிடம் கணக்குத் தீர்க்கச் சொல்லி நிற்பதுமில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தது. எந்த உக்கிர உருவமும் குறுக்கே வந்து அலையைத் தடுக்கவில்லை. அதற்குப் பிறகும் ஆடி ஐந்தாம் வெள்ளியில் தேர் ஓடுகிறது. பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்த வழக்கத்தைத் தொடர்ந்து, இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இழுக்கிற கூட்டத்தில் கடலில் ஆளை இழந்த வீட்டுப் பெண்களும் உண்டு. காப்பாற்றாத நாளிலும் கும்பிடப்படுகிற தெய்வத்தை 'அம்மன்' வகைப் படத்தால் யோசிக்கவே முடியாது. அதற்கு உச்சக்காட்சியில் எதிரி சாக வேண்டும். மாறாக, அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த பிணங்கள் எழும் படத்தில், இரவு முழுக்கப் போராடிப் பிழைத்த கறுப்பின நாயகனை, விடிந்ததும் காப்பாற்ற வந்தவர்களே சுட்டுக்கொல்கிறார்கள். பயம் அரங்கைவிட்டு நம்மோடு வெளியே வருகிறது. கோடி ராமகிருஷ்ணாவின் பயத்துக்கு அந்த அனுமதி இல்லை.

அவருடைய 'அருந்ததீ' வேறு மாதிரி என்பார்கள். ஒரு பகுதிவரை ஆம். 2009இல் வந்த அந்தப் படத்தில் நாயகி ஜேஜம்மா யாரையும் கூப்பிடவில்லை. நடனமாடியே வில்லன் பசுபதியை வீழ்த்தி, உயிரோடு சமாதி கட்டுகிறாள். அவருடைய படங்களிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி அது. ஆனால் அவள் அறிவு போதாது என்று கதை முடிவு செய்கிறது. தலையில் தேங்காய்களை உடைக்கவைத்து அவள் வதைபட்டுச் சாக வேண்டும். அவள் எலும்பு ஆயுதமாக வேண்டும். அங்கும் பெண் துன்பப்பட்டுத்தான் சக்தி பெறுகிறாள்.

2016இல் அவர் கடைசியாக இயக்கிய கன்னட 'நாகரஹாவு'வில், ஏழாண்டுக்கு முன்பே இறந்துபோன நடிகர் விஷ்ணுவர்தனை கிராஃபிக்ஸில் எழுப்பி உச்சக்காட்சிக்கு அனுப்பினார். இருபது ஆண்டில் கருவி எவ்வளவோ வளர்ந்திருந்தது. மேலிருந்து ஒருவர் வந்து தீர்த்துவைப்பார் என்ற முடிவு அப்படியே இருந்தது. அடுத்த ஆடியில் அஞ்சலி எழுதுகிறவர்கள் பவானிக்கு அம்மன் வந்த கதையை மறுபடி எழுதத்தான் போகிறார்கள். மந்திரவாதியைச் சிறைக்கு அனுப்பிய அதே பெண் கல்யாணத்துக்குப் பின் ஏன் வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதட்டும்.