எரிந்த மாளிகையும் எரியாத பொம்மை வீடும்

1989 ஆகஸ்ட் 30 பிற்பகலில், இங்கிலாந்தின் வெஸ்ட் சஸ்ஸெக்ஸ் பகுதியில் உள்ள அப்பார்க் மாளிகையின் கூரை தீப்பற்றியது. கூரையைப் பழுதுபார்க்கும் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. ஈயத்தகடுகளைச் சூடேற்றிப் பற்றவைத்தபோது எழுந்த நெருப்பு உத்திரங்களில் ஏறிவிட்டது. மேல்தளம் எரிந்து, கீழே இருந்த பெரிய கூடங்களின் மேல் சரிந்தது. அதற்குள் பணியாளர்களும் தீயணைப்பு வீரர்களும் அங்கே குடியிருந்த குடும்பத்தாரும் வரிசையில் நின்று, ஓவியம், நாற்காலி, திரைச்சீலை என்று கைமாற்றிக் கைமாற்றிப் புல்வெளியில் சேர்த்தார்கள். கீழ்த்தளப் பொருட்களில் பெரும்பாலானவை பிழைத்தன. அவற்றில் ஒன்று 1735–40 வாக்கில் செய்யப்பட்ட ஒரு பொம்மை வீடு.

மாளிகையைப் பராமரித்துவந்த நேஷனல் டிரஸ்ட், தீக்கு முந்தைய நாள் எப்படி இருந்ததோ அப்படியே அதைத் திரும்பக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தது. சுமார் 2 கோடி பவுண்டு செலவானது. 1995இல் கதவுகள் மறுபடியும் திறந்தன. அந்த முடிவு சரியா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. விவாதிப்பவர்கள் அந்தப் பொம்மை வீட்டை ஓரமாக ஒதுக்கிவிடுகிறார்கள் என்பது என் குறை. பெரிய வீட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கான அளவுகோல் அந்தச் சின்ன வீட்டுக்குள்தான் இருக்கிறது.

சாரா லெத்யூலியர் என்ற பெண்ணுக்காகச் செய்யப்பட்ட வீடு அது. நெற்றிமுகப்பில் அவள் பிறந்த குடும்பத்தின் இலச்சினை இருக்கிறது. 1746இல் சர் மேத்யூ ஃபெதர்ஸ்டன்ஹாவை மணந்தாள். அடுத்த ஆண்டு அவர் அப்பார்க்கை வாங்கியபோது பொம்மை வீடும் கூடவே வந்து சேர்ந்தது. மூன்று தளங்கள், ஒன்பது அறைகள். முகப்பு பல கதவுகளாகப் பிரிந்து திறக்கும். உள்ளே திரைகட்டிய கட்டில்கள், கண்ணாடிக் கோப்பைகள், வெள்ளிச் சாமான்கள், சுவரில் சட்டமிட்ட ஓவியங்கள், கீழே பாத்திரங்களோடு சமையலறை. எசமானர் குடும்பத்துப் பொம்மைகளுக்கு மெழுகு முகம். வேலைக்காரப் பொம்மைகள் முழுக்க மரம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வர்க்கக் கணக்கை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறொரு சான்றை நான் அறியேன். செய்தவர் எதையும் விமர்சிக்க நினைத்திருக்க மாட்டார். எந்த முகத்துக்கு எந்தப் பொருள் தகும் என்று அவருக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது, அவ்வளவுதான். விமர்சனம் நம்முடைய வேலை.

இந்த வீட்டின் மதிப்பு முழுவதும் அதை யாரும் புதுப்பிக்காததில் இருக்கிறது. பெரிய வீடுகளில் ஒவ்வொரு தலைமுறையும் கை வைத்தது: சாயம் மாறியது, அடுப்பு மாறியது, கட்டில் துணி கிழிந்ததும் குப்பைக்குப் போனது. பொம்மை வீட்டில் குளிர் காய யாரும் இல்லை, அடுப்பூத யாரும் இல்லை, ஆகவே மாற்றத் தேவையும் எழவில்லை. கட்டில் திரையை எப்படி மடித்துத் தைத்தார்கள், எந்தத் துணிக்கு எந்த ஓரப்பட்டை, சமையலறைச் சுவரில் எதை எங்கே மாட்டினார்கள் என்று வரலாற்றாளர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை அப்படியே தங்கிவிட்டது. மங்கிய பட்டை மாற்றிப் புதுப் பட்டு போட்டால் கண்ணுக்கு அழகாக இருக்கும். அந்த விடை போய்விடும். திரும்பக் கேட்க வேறு இடமும் இல்லை.

வீட்டில் பாட்டி காலத்துப் பொம்மை வீட்டை வைத்திருப்பவர்கள் இதற்கு எதிர்வாதம் வைப்பார்கள். விளையாடத்தானே பொம்மை வீடு, பேத்தி கையில் கொடுக்க வேண்டுமானால் உடைந்த படியை ஒட்டி, உரிந்த சுவர்த்தாளை மாற்றித்தானே ஆக வேண்டும்? இந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு. உடைந்த படியை ஒட்டலாம். ஒட்டினால் எதுவும் அழிவதில்லை. சுவர்த்தாளை உரித்தெடுப்பது வேறு காரியம். இங்கிலாந்தில் பொம்மை வீடுகளை முறையாக ஆராயத் தொடங்கிய முன்னோடிகளில் ஒருவர் விவியன் கிரீன், எழுத்தாளர் கிரஹாம் கிரீனின் மனைவி. 1962இல் ஆக்ஸ்ஃபோர்டில் தன் சேகரிப்புக்கென்றே வட்டவடிவக் காட்சிக்கூடம் ஒன்றைத் திறந்தவர். அவரைப் போன்றவர்களின் உழைப்பால்தான், பொம்மை வீட்டுச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய தாள்களும் ஒரு குடும்பத்தின் ஆவணம் என்ற எண்ணம் வேரூன்றியது. எந்தத் தாளை உண்மையானது என்று வைத்துக்கொள்வது, எதைக் கிழிப்பது? முதல் தாளை மீட்கப் புறப்படுகிறவர், நடுவில் வந்த மூன்று தலைமுறைச் சிறுமிகளின் ரசனையைக் குப்பையில் போடுகிறார். பேத்திக்குப் புதுப் பொம்மை வீடு செய்து கொடுக்கலாம். பழையதில் தூசியைத் தட்டி, பூச்சி அண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த நெறியைப் பெரிய வீட்டுக்கும் அப்படியே நீட்டினால் கிடைப்பது 19ஆம் நூற்றாண்டுக் கலைச் சிந்தனையாளர்களான ரஸ்கின், மாரிஸ் ஆகியோரின் நிலைப்பாடு. ஒரு கட்டடத்தை மீட்டமைப்பது என்பது நடக்கவே முடியாத காரியம், அப்படிச் சொல்வது பொய் என்று 1849இலேயே ரஸ்கின் எழுதிவிட்டார். 1877இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அந்தக் கருத்தையே கொள்கையாக ஏற்றது: தாங்கிப் பிடி, ஒழுக்கை அடை, பழசு போலப் புதிதாக எதையும் செய்யாதே. கட்டடப் பாதுகாப்புக்கான 1964இன் வெனிஸ் சாசனம் சற்று இளகியது. ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும், புதிதாகச் சேர்த்தது இசைவாகவும் அதே சமயம் அடையாளம் தெரியும்படியும் இருக்க வேண்டும் என்றது. அப்பார்க்கை இந்த இரண்டு நிபந்தனைகளால் அளக்க வேண்டும்.

முதல் நிபந்தனையில் அப்பார்க் ஐயமின்றித் தேறுகிறது. அங்கே நடந்த வேலையை எண்ணும்போதெல்லாம் எனக்கு மரியாதை பெருகுகிறது. இடிபாட்டைத் தொல்லியலாளர்கள் அகழாய்வுக் குழிபோலக் கட்டம் கட்டமாகப் பிரித்து, சல்லடையில் சலித்து, ஆயிரக்கணக்கான தொட்டிகளில் எந்தத் துண்டு எந்த அறைக்குரியது என்று அடையாளமிட்டு வைத்தார்கள். கதவுக் கைப்பிடி, கரிந்த மரச்செதுக்கலின் ஓர் இலை, கூரைப் பூவேலையின் ஒரு விரற்கடைத் துண்டு என எதையும் கழிக்கவில்லை. அச்சில் வார்க்காமல் ஈரச் சாந்திலேயே கையால் பூவும் கொடியும் உருவாக்கும் சுண்ணாம்பு வேலை அந்த நாட்டில் ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. பூச்சுக்காரர்கள் கலவை பிசைந்து பார்த்து, வெடித்ததைக் களைந்து, மறுபடி பிசைந்து அதைக் கற்றுக்கொண்டார்கள். மரச்செதுக்கலிலும் இதே கதை. எரிந்த ஒரு வீட்டைச் சாக்காக வைத்து ஒரு தலைமுறைக் கைவினைஞர்கள் உருவானார்கள். பிறகு 1992இல் வின்ட்ஸர் கோட்டை எரிந்து 1997இல் மீண்டபோது, இத்தகைய வேலை நடக்கக்கூடியதே என்பதற்கு அப்பார்க் கண்முன்னே சாட்சியாக நின்றது. சிதைவைச் சிதைவாக விடச் சொல்கிறவர்கள் இந்த லாபத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. கை மறந்துபோன வேலையை ஏட்டிலிருந்து மீட்க முடியாது, செய்தால்தான் வரும்.

இன்னும் வலுவான காரணம் ஒன்று உண்டு: பொருட்கள் பிழைத்திருந்தன. சாராவும் மேத்யூவும் 1749–51 ஐரோப்பியப் பயணத்தில் ரோம் ஓவியர் பட்டோனியிடம் எழுதுவித்த ஓவியங்களும், அந்தச் சுவர்களின் அளவுக்கேற்ப வாங்கிய கண்ணாடிகளும், அந்தச் சாளரங்களுக்கென்று தைத்த திரைகளும் புல்வெளியில் கிடந்தன. அறைகளைக் கட்டாமல் விட்டிருந்தால் இவை காட்சியகங்களுக்குச் சிதறிப் போயிருக்கும். சாமான்களை இழந்த பொம்மை வீடு வெறும் அலமாரி. வீட்டை இழந்த பொம்மைச் சாமான்கள் கண்ணாடிப் பேழையில் வைத்த அலங்காரப் பொருட்கள். இரண்டும் சேர்ந்தால்தான் சாட்சி.

சர்ரேயின் கிளாண்டன் பார்க் மாளிகையை இதற்கு எதிராக நிறுத்திப் பார்த்தால் விஷயம் தெளியும். 2015 ஏப்ரல் 29இல் அது எரிந்தபோது உள்ளே ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. அறை என்று சொல்லும்படி பிழைத்தது ஒன்றுதான். முதலில் முக்கிய அறைகளை மீட்பதாகச் சொன்ன அதே நேஷனல் டிரஸ்ட், 2022இல் மனம் மாறி, எரிந்த செங்கற்கூட்டை அப்படியே பாதுகாத்து மக்களுக்குக் காட்டுவது என்று அறிவித்தது. அப்பார்க்கைத் திரும்பக் கட்டியவர்கள் இங்கே பின்வாங்கியது முரண் என்று கண்டனம் எழுந்தது. எனக்கு அதில் முரண் தெரியவில்லை. உள்ளே வைக்க எதுவும் மிஞ்சாத அறையை மீட்பது நாடக மேடைக்குக் காட்சி அமைப்பதற்குச் சமம்.

இரண்டாவது நிபந்தனையில்தான் அப்பார்க் சறுக்குகிறது. தீக்கு முந்தைய நாள் என்ற இலக்கை எட்ட, பழைய சாயம் எவ்வளவு மங்கியிருந்ததோ அவ்வளவுக்குப் புதுச் சாயத்தையும் மங்கவைத்தார்கள். பழைய சுவர்த்தாளில் தப்பிய பகுதியோடு பொருந்தும்படி புதுத் தாளுக்கும் வயதேற்றினார்கள். பார்வையாளர் எங்கே 18ஆம் நூற்றாண்டு முடிகிறது, எங்கே 1990கள் தொடங்குகின்றன என்று அறியாமலே கூடத்தைக் கடந்துபோகிறார். திறமையின் உச்சம் இது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெயிலும் காலமும் தந்த மங்கலுக்கு ஓர் உண்மை இருக்கிறது. ஒரு வாரத்தில் தூரிகையால் வந்த மங்கலுக்கு அது இல்லை. அந்த வீட்டின் முந்நூறு ஆண்டு வாழ்வில் மிகப் பெரிய நிகழ்ச்சி அந்தத் தீ. அதன் தடம் அந்தச் சுவர்களிலேயே தெரிய வேண்டும்.

பளபளக்கும் புதுச் சாயம் பழைய திரைக்கு அருகே துருத்தித் தெரியும், அறை குலைந்துபோகும் என்பார்கள். இதற்கு விடையை அப்பார்க்கே வைத்திருந்தது. 1930களில் அங்கே குடிவந்த லேடி மீட்-ஃபெதர்ஸ்டன்ஹா, நைந்து தொங்கிய திரைகளைத் தூக்கி எறியவில்லை. நம் பூந்திக்கொட்டைபோல நுரை தரும் ஒரு செடியின் சாற்றில் அவற்றைத் தோய்த்து அலசி, விட்டுப்போன இழைகளை நூலால் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்தார். பல ஆண்டுகள் அதே வேலையாக இருந்தார். தள்ளி நின்றால் திரை முழுமையாகத் தெரியும். கிட்டே போனால் அவர் தையல் தெரியும். பழையதையும் கெடுக்காமல், தன் கையையும் மறைக்காமல் செய்த வேலை அது. 1990களில் வந்தவர்கள் பின்பற்றியிருக்க வேண்டிய முன்மாதிரி அவர்களுடைய கையிலேயே இருந்தது.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: யாருடைய பூர்வீக வீடு? சாராவின் மகன் சர் ஹாரி, எழுபது வயது கடந்து 1825இல் தன் பால்பண்ணையில் வேலை செய்த மேரி ஆன் புல்லக்கை மணந்தார். 1846இல் அவர் இறந்தபின், மேரி ஆனும், அவருக்குப் பின் தங்கை ஃபிரான்செஸும் 1895 வரை வீட்டை சர் ஹாரி விட்டுப்போனபடியே வைத்திருந்தார்கள். மரப் பொம்மைகளின் வரிசையில் பிறந்தவர்கள் மெழுகுப் பொம்மைகளின் வீட்டைப் பாதுகாத்தார்கள். அப்பார்க்கின் பழமை நம் காலம்வரை வந்ததற்கு முதல் காரணம் அவர்களே. அவர்களிடம் 1880 முதல் 1893 வரை வீட்டு மேற்பார்வையாளராக இருந்தவர் சாரா வெல்ஸ். அம்மாவைப் பார்க்க வந்து தங்கும் மகன் எச். ஜி. வெல்ஸ், மாடியில் பொருட்கள் குவிந்துகிடந்த இடத்தில் கழன்றுகிடந்த தொலைநோக்கியைக் கண்டெடுத்து, பூட்டிச் சேர்த்து இரவில் வானம் பார்த்தார். நூலகத்துப் புத்தகங்களைப் படித்தார். 1909இல் வந்த அவருடைய ‘டோனோ-பங்கே’ நாவலில் அந்த மாளிகை வேறு பெயரில் வருகிறது; அங்கிருக்கும் ஒரு பெரிய பொம்மை வீட்டோடு வேலைக்காரியின் மகன் ஒளிந்து விளையாடுகிறான். உரிமையில்லாதவனுக்கும் அது வளர்ந்த வீடுதான்.

எரிந்துபோனது, வெல்ஸ் தொலைநோக்கியைக் கண்டெடுத்த அந்த மேல்தளம். மேற்பார்வையாளரின் அறையும் சுரங்க வழிகளும் நிலத்துக்கடியில் இருந்ததால் தப்பின. மீட்டமைப்பின் புகழ் மட்டும் நடுவில் இருக்கும் பொன் கூடங்களுக்கே போனது. அளவிலும் ஆவணத்திலும் அவையே செழிப்பானவை என்பதால் இதைச் சதி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மெழுகு முகங்களுக்குக் கொடுத்த கவனத்தில் சிறு பங்கையாவது, மாடியில் எது எங்கே இருந்தது, யார் எங்கே உறங்கினார்கள் என்று பார்வையாளருக்குக் காட்டுவதற்குக் கொடுத்திருக்கலாம்.

என் தீர்ப்பு இது. அப்பார்க்கைத் திரும்பக் கட்டியது சரி. பொருளும் பதிவும் பிழைத்திருந்தன, கைவினை பிழைக்க வேண்டியிருந்தது. கட்டாமல் விடுவதுதான் பெரிய அழிவாகியிருக்கும். புதுப் பரப்புக்கு வயதேற்றியது தவறு. அது இனியும் திருத்தக்கூடிய தவறு: அடுத்த முறை அந்தச் சாயத்தைத் தொட வேண்டி வரும்போது, புதிய பகுதியைச் சற்றே வெளிறலாக விட்டுவிடலாம்; பழையது எது என்று கண் தானே கண்டுகொள்ளும். கிளாண்டனைக் கட்டாததும் சரி. பொம்மை வீட்டைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லை: வெளிச்சத்தைக் குறைத்து, ஈரப்பதத்தைச் சீராக வைத்து, ஒன்பது அறைகளிலும் ஓர் ஊசிகூட நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.