முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே

1980களின் கடைசியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி வீடுகளில், தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து உட்கார்ந்தது. அழைப்பவரின் எண்ணைக் காட்டும் ‘காலர் ஐடி’.

அதன் வேலையெல்லாம் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையிலுள்ள மௌனத்தில்தான். தேதி, நேரம், எண் எல்லாம் நொடிக்கு 1200 பிட் வேகத்தில் அதே செம்புக் கம்பியில் ஓடி வந்துவிடும். அவசரப்பட்டு முதல் மணியிலேயே ரிசீவரை எடுப்பவருக்கு எண் கிடைக்காது.

நடுராத்திரியில் ஆபாசம் பேசுபவருக்கு முகம் தெரியாததுதான் துணிச்சல். எண் பதிவாகும் என்றதும் அது கரைந்தது.

எதிர்ப்பும் கிளம்பியது. இது ஒட்டுக்கேட்புச் சட்டத்துக்கு முரண் என்றது, 1990இல் பென்சில்வேனியா நீதிமன்றம். அடிக்கும் கணவனுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் பெண்ணின் எண் அம்பலமாகலாமா? நியாயமான கேள்விதான். நட்சத்திரக் குறியோடு 67 அழுத்தி அழைத்தால் எண் மறையும் என்று வழி செய்தார்கள். எண்ணை மறைத்து வரும் அழைப்பைத் திருப்பியனுப்பும் வசதியும் வந்தது.