புத்தகத்தில் இல்லாத வழி

1982இல் பஃபின் பதிப்பகம் சிறுவர்களுக்காக 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' என்றொரு புத்தகம் போட்டது. 400 பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். குகையில் இடப்பக்கம் திரும்பினால் இந்த எண், வலப்பக்கம் என்றால் அந்த எண். படிப்பவர்தான் கதாநாயகன். கையில் ஒரு பென்சிலும் இரண்டு பகடையும் போதும். எழுதியவர்கள் ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும். 1975இல் லண்டனில் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பைத் தொடங்கியவர்களில் இருவர். 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாட்டை ஐரோப்பாவில் விற்கத் தொடங்கியவர்களும் அவர்களே. அந்த விளையாட்டுக்கு நாலு பேர் சேர வேண்டும், கதையை நடத்த ஒருவர் வேண்டும். ஆள் கிடைக்காத பிள்ளைக்கும் அந்தச் சுகம் கிட்டியது 'ஃபைட்டிங் ஃபேண்டஸி' என்ற இந்த வரிசையால்தான்.

மேசையிலிருந்து புத்தகத்துக்குப் போன அந்தச் சரக்கை மறுபடி மேசைக்குக் கொண்டுவரும் முயற்சி 'அட்வான்ஸ்டு ஃபைட்டிங் ஃபேண்டஸி'. மார்க் கேஸ்காய்னும் பீட் டாம்லினும் 1989இல் 'டஞ்சனியர்' என்ற நூலில் இதைத் தொடங்கினார்கள். கிரஹாம் பாட்லி திருத்தி எழுதிய இரண்டாம் பதிப்பை ஏரியன் கேம்ஸ் 2011இல் வெளியிட்டது. நான் இங்கே பேசுவது அந்த இரண்டாம் பதிப்பைப் பற்றி. கதை நடத்துபவருக்கு இதில் டைரக்டர் என்று பெயர். எங்கள் வீட்டில் அது நான். தங்கை மகள், அவள் அப்பா, என் அலுவலக நண்பர் ஒருவர் என்று மூன்று பேர் ஆடினார்கள்.

முதல் ஆட்டத்துக்கு அந்தப் பழைய ஃபயர்டாப் மலையையே எடுத்துக்கொண்டேன். புத்தகத்துக்கும் மேசைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. மலைக்குள் நுழைந்ததும் ஒரு காவல்காரன் தூங்கிக்கொண்டிருப்பான். புத்தகத்தில் அவனைத் தாண்டிப் பூனைபோல் நடக்க வேண்டும், அதிர்ஷ்டத்தைச் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் மேசையில் தங்கை மகள் கேட்டாள்:

"மாமா, அவன் ஹெல்மெட் எங்க இருக்கு?"

"கழட்டிப் பக்கத்துல வெச்சிருக்கான்."

"அதை நான் எடுத்துப் போட்டுக்கறேன். அப்பா கையைக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போறேன். கைதியைக் கூட்டிட்டுப் போற மாதிரி."

400 பத்திகளில் எதிலும் இந்த வழி இல்லை. ஆனால் விதிப்புத்தகத்தில் இதற்கு இடம் இருக்கிறது. அவளுடைய பாத்திரத்துக்கு ஸ்கில் 6, ஓசைப்படாமல் நடமாடும் பயிற்சிக்கு 2. இரண்டையும் கூட்டினால் 8. இரண்டு பகடையை உருட்டி 8 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் ஹெல்மெட் அவளுக்கு. நூற்றுக்கு 72 வாய்ப்பு. விழுந்தது 7.

அடுத்த அறையில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஒரு தங்கக் காசும் அங்கே படுத்துக் கிடக்கும் பிராணி வளர்த்த ஒரு சுண்டெலியும். புத்தகத்தில் காசு உங்களுக்கு, எலி ஓடிவிடும். உங்களைக் கேட்காமலே அதை விட்டுவிடுவார்கள். இவள் விடவில்லை, இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். பின்னால் ஆர்க்குகள் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அறையில் மேசைமேல் அதை அவிழ்த்துவிட்டு, அவர்கள் அதைத் துரத்திய சந்தடியில் எல்லோரையும் கடத்திக்கொண்டு போனாள். நாற்பதாண்டுப் பழைய கதையில் ஒரு வரியோடு முடிந்துபோன எலி அது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த விளையாட்டை மனமாரச் சிபாரிசு செய்வேன்.

விதிகளின் அஸ்திவாரம் பழையதுதான்: ஸ்கில், ஸ்டாமினா, லக் என மூன்று எண்கள். மந்திரம் கற்றவர்களுக்கு மேஜிக் என்று இன்னொன்று. சண்டையில் இரு பக்கமும் இரண்டு பகடையை உருட்டித் தங்கள் ஸ்கில்லோடு கூட்டுவார்கள். கூடுதல் வந்தவர் அடிக்கிறார். புத்தகங்களில் நாயகனின் ஸ்கில்லை ஒரே ஒரு பகடை தீர்மானிக்கும். விழுந்ததோடு 6 கூட்டினால் 7 முதல் 12 வரை ஏதோ ஒன்று. பார்ப்பதற்குச் சின்ன வித்தியாசம். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. இருவரின் ஸ்கில்லும் சமம் என்றால் ஒரு சுற்றில் நீங்கள் அடிக்க 44 சதவீத வாய்ப்பு. உங்களுக்கு 3 கூடுதல் என்றால் 76, 5 கூடுதல் என்றால் 90. அதாவது ஸ்கில் 7 அமைந்த பிள்ளையின் தலையெழுத்து முதல் பக்கத்தைத் திறக்கும் முன்பே எழுதி முடிந்தது. இரண்டாம் பதிப்பு இந்தக் குறையைப் புரிந்துகொண்டிருக்கிறது. எண்கள் பகடையில் விழுவதில்லை. தரப்படும் புள்ளிகளை நாமே பங்கிட்டுக்கொள்கிறோம். ஸ்கில் 4இல் தொடங்குகிறது, அதோடு வாள், ஏமாற்று, மரமேறுதல் என்று தனித்தனிப் பயிற்சிகள் சேர்கின்றன. கூட்டுத்தொகை பழைய நாயகர்களின் அளவுக்கே வந்து நிற்பதால், எந்தப் பழைய புத்தகத்திலிருந்தும் ஒரு பூதத்தை அப்படியே தூக்கி மேசையில் வைக்க முடிகிறது.

ஆனாலும் நோய் முழுதாகத் தீரவில்லை. ஸ்கில் எல்லாப் பயிற்சியோடும் கூட்டப்படுகிறது. அதில் ஒரு புள்ளி போட்டால் வாளும் ஏறுகிறது, நீச்சலும் ஏறுகிறது, பூட்டுத் திறப்பதும் ஏறுகிறது. விவரம் தெரிந்தவர் முதலில் அதைத்தான் நிரப்புவார், மற்றவர் பின்தங்கிப் போவார். தொடக்கத்தில் யாருக்கும் ஸ்கில் 6ஐத் தாண்டக்கூடாது என்று எங்கள் மேசையில் வைத்துக்கொண்டோம். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கடம், மரமேறும்போது பகடை குறைவாக விழ வேண்டும், வாள் வீசும்போது அதிகமாக விழ வேண்டும். பழகிய பிறகும் யாராவது ஒருவர் 11ஐப் பார்த்துக் கைதட்டிவிட்டு, பிறகு முகம் சுருங்குகிறார்.

சண்டையும் நீள்கிறது. புத்தகத்தில் அடி விழுந்தால் 2 ஸ்டாமினா போகும், அத்தோடு சரி. இங்கே அடி விழுந்தபின் ஆயுதத்துக்கு ஒரு பகடை உருட்டி அட்டவணையைப் பார்க்க வேண்டும், கவசத்துக்கு இன்னொன்று உருட்டி வேறோர் அட்டவணையைப் பார்க்க வேண்டும். கோடரிக்கும் கத்திக்கும் வித்தியாசம் தெரிவது நல்லதுதான். ஆனால் நாலு பேர் ஆறு பேரோடு மோதும்போது டைரக்டரின் கண் கதையை விட்டு அட்டவணைக்குப் போய்விடுகிறது. சில்லறை எதிரிகளுக்குப் பழைய 2 புள்ளியே போதும். அட்டவணையைத் தலைவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

லக் விதியைத்தான் நான் மிகவும் ரசித்தேன். இரண்டு பகடை உங்கள் லக் எண்ணுக்குள் விழுந்தால் பிழைத்தீர்கள். ஆனால் ஒவ்வொரு முறை சோதித்த பின்னும் லக்கில் ஒன்று குறையும், வென்றாலும் தோற்றாலும். 9 இருக்கும்போது 83 சதவீதம். 7 ஆனால் 58. 5க்கு இறங்கினால் 28தான். தனியாகப் படிக்கும்போது இது வெறும் கணக்கு. மேசையில் இதுவே நாடகம். என் நண்பரின் லக் 6க்கு வந்திருந்த நேரத்தில் பாலத்தின் பலகை உடைந்தது. "வேண்டாம், ஸ்கில்லைப் போட்டு எட்டிப் பிடிங்க அங்கிள்" என்று தங்கை மகள் கத்த, இனி எந்த இக்கட்டுக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்று மூவரும் நெடுநேரம் விவாதித்தார்கள்.

இந்தப் புத்தகங்களோடு வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆபத்தான வழியைத் தேர்ந்தெடுக்கும்போது பழைய பக்கத்தில் ஒரு விரலை விட்டு வைத்துக்கொள்வது. செத்துப்போனால் திரும்பிவிடலாம். மேசையில் விரல் வைக்கப் பக்கம் இல்லை. சொன்னது சொன்னதுதான். அதனால் தயக்கமும் வாக்குவாதமும் கூடுகின்றன, ஒரு கதவைத் திறப்பதற்குள் வியர்க்கிறது. விதிகளால் வந்த பதற்றம் அல்ல இது. எதிரே மூன்று முகங்கள் பார்த்துக்கொண்டிருப்பதால் வந்தது.

மந்திரங்களில் 'சார்சரி!' வரிசையிலிருந்து வந்தவை தனி ரகம். ஜாக்சன் 1983 முதல் 1985 வரை எழுதிய நாலு புத்தகங்கள் அவை. 48 மந்திரங்கள், ஒவ்வொன்றும் மூன்றெழுத்து. ஒவ்வொரு முறையும் ஸ்டாமினா செலவாகும், பலவற்றுக்குப் பொருளும் வேண்டும். 'காப்' என்ற மந்திரத்துக்குக் காப்ளின் பல் வேண்டும்; போட்டால் காப்ளின்கள் முளைத்து உங்களுக்காகச் சண்டையிடும். புத்தகத்தில் பல் கிடைக்கும் இடம் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும். இங்கே மந்திரவாதியாக ஆடிய மச்சான் ஒவ்வொரு சண்டை முடிந்ததும் செத்த காப்ளின்களின் வாயைத் திறந்து பார்க்கத் தொடங்கினார். அந்த ஒரு பொருளால் அவருடைய பாத்திரத்துக்குத் தனிக் குணமே வந்துவிட்டது. மேஜிக் புள்ளிகளைச் செலவழிக்கும் வழக்கமான மந்திரங்கள் வேலை செய்கின்றன, மனதில் நிற்பதில்லை.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் இதைக் கற்றுத்தரலாம். பாத்திரம் உருவாக்க அதிக நேரம் ஆகாது, பல முகப் பகடைகள் தேவையில்லை, சாதாரண ஆறுமுகப் பகடை போதும். நுட்பமான போர்த் தந்திரம் தேடுபவர்களுக்கு இது பத்தாது. வாங்குவதானால் முதலில் மூல விதிநூல், பி.டி.எஃப். வடிவிலும் கிடைக்கிறது. அடுத்து, பூதங்களின் தொகுப்பான 'அவுட் ஆஃப் தி பிட்'. இந்தக் கதைகள் நடக்கும் உலகத்தின் வரலாறு சொல்லும் 'டைட்டன்' அருமையான வாசிப்பு, ஆனால் முதல் ஆட்டத்துக்குத் தேவைப்படாது. அதற்குப் பதிலாகப் பழைய ஃபைட்டிங் ஃபேண்டஸி புத்தகம் ஒன்றை எடுத்து, டைரக்டர் ஆகப்போகிறவர் மட்டும் தனியாக ஒருமுறை ஆடிப் பார்த்து, வழிகளைத் தாளில் வரைந்துகொள்ளட்டும். எங்கள் முதல் ஆட்டத்துக்கு நான் செய்த தயாரிப்பு அந்த வரைபடம் ஒன்றுதான்.