வெள்ளை முகமூடியும் ஆறு நிறங்களும்

கணினி சமூகத்தை என்ன செய்கிறது என்று மாணவர்கள் ஆய்வு செய்தால் பெரும்பாலும் ஒரு வினாத்தாள், நாலு சதவீதம், ‘நன்மையும் உண்டு தீமையும் உண்டு’ என்றொரு முடிவுரை. யாருக்கும் வலிக்காது. ஜாய் புவோலம்வினி 2017இல் எம்.ஐ.டி.யில் முதுகலைப் பட்டத்துக்காகச் செய்த ஆய்வு அந்த ரகமில்லை. கறுப்பினப் பெண்ணான அவரது முகம் மென்பொருளின் கண்ணில் படவில்லை. வெள்ளை முகமூடி மாட்டியதும் பட்டது. ஃபனான் 1952இல் புத்தகத் தலைப்பாக வைத்தது இங்கே கருவியின் நிபந்தனையாகவே ஆகிவிட்டது.

ஆறு நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1270 பேரின் படங்களை வைத்து மூன்று நிறுவனங்களின் மென்பொருளைச் சோதித்தார். டிம்னிட் கெப்ருவுடன் சேர்ந்து 2018இல் வெளியிட்ட கணக்கு: ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 வரை. மொத்தச் சராசரியைப் பார்த்தால் எல்லாம் சுகம்தான். சராசரி என்கிற சொல்லாடல் யாரைப் புதைக்கிறது என்பதைத் தோண்டிக் காட்டியதே இதன் அரசியல்.

நிறத்தை எதைக் கொண்டு அளந்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். தோல் மருத்துவரிடம் கடன் வாங்கிய ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல். 1975இல் புறஊதாக் கதிர் சிகிச்சைக்காக உருவானபோது அது வெள்ளைத் தோலைத்தான் நுணுக்கமாகப் பிரித்தது. பழுப்பும் கறுப்பும் பிற்பாடு ஒட்டவைத்த வால்கள். அது வெளிர்நிறத்தின் பக்கம் சாய்ந்திருப்பதை ஆய்வே ஒப்புக்கொள்கிறது. துறைகளைக் கடப்பது என்றால் ஒரு துறையின் கறையையும் சேர்த்துச் சுமப்பதுதான் போலும். ஆண்/பெண் என்ற இருமையையும் மென்பொருளிடமிருந்து அப்படியே வாங்கிக்கொள்கிறார். இரண்டிலும் சேராதவர் அட்டவணைக்கே வெளியே.

அப்புறம் என்ன ஆச்சு? நிறுவனங்கள் பிழையைக் குறைத்தன. 2019இல் வந்த மறுசோதனை அதைக் காட்டியது. வெற்றிதான், ஆனால் யாருக்கு? கறுப்பு முகம் துல்லியமாகத் தெரியவேண்டும் என்பது போலீசின் ஆசையும்தானே. 2020 ஜனவரியில், முகமறியும் மென்பொருள் தவறாகப் பொருத்திக் காட்டியதால் ஒரு கறுப்பின மனிதர் டெட்ராய்ட் போலீசாரால் கைதானார். சரியாகவே பொருத்தியிருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா? இந்தக் கேள்வியை 34.7 என்ற எண்ணால் கேட்க முடியாது. புவோலம்வினிக்கும் இது தெரிந்துதான் இருந்தது. 2019இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய் நின்றவர், மென்பொருளைத் திருத்தச் சொல்வதோடு நிற்காமல் போலீஸ் அதைப் பயன்படுத்துவதையே நிறுத்திவைக்கக் கேட்டார்.